பின்விளக்கின் நிறம்

என் மூத்த மருமகன் முனாப்பிடம் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று வெள்ளை லான்சர் எவோலூஷன். மற்றது நீல சுபாரு இம்பிரெசா. இரண்டும் மண்பாதையிலும் மலைவளைவிலும் நடக்கும் றாலிப் பந்தயங்களை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டவை. பிள்ளைகுட்டிகளோடு கலியாண வீட்டுக்குப் போகும் வண்டிக்குள் அத்தனை வேகத்தை எதற்காக அடைத்து வைக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. யுத்தம் முடிந்து மூன்று மாதங்கள் கழிந்த 2009 ஓகஸ்டில், அவ்விரண்டில் ஒன்றை அவர் விற்றே ஆக வேண்டியதாயிற்று.

காரணம் என் இளைய மகள் றுமானாவின் வீடு. எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே நிக்காஹ் செய்கிறோம். மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து குடியேறுகிறான். நானும் அவ்வாறு வந்து குடியேறியவனே. முப்பத்தாறு ஆண்டுகள் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்குக் கல்முனைக்குடியில் ஓரடி நிலமும் இல்லை; வளவு என் மனைவி சித்தி லைலாவுடையது. றுமானாவுக்கென்று கடற்கரையோரம் கட்டிய வீட்டை 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோயிற்று. கடலுக்கு அவ்வளவு அண்மையில் மீண்டும் கட்டக் கூடாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டது. ஆகவே, அக்கரைப்பற்று மாப்பிள்ளை ஒருவரோடு அவளுக்குப் பேச்சு முடிந்தபோது, எங்கள் வளவிலே கிணற்றுக்கும் கிழக்கு மதிலுக்கும் இடையில் கிடந்த துண்டே வீட்டுக்கு எஞ்சியது. அந்தத் துண்டில்தான் இரண்டு கார்களும் நின்றன. வீடு எழும்பினால் ஒரு காரை மட்டுமே எப்படியாவது நெருக்கி நிறுத்தலாம்.

லான்சர் முனாப்பின் சொந்த வண்டி. இம்பிரெசா அவருடைய தம்பி அஹ்ஸனுடையது. போர்நிறுத்தக் காலத்தில், சவளக்கடை என்ற ஊரிலிருந்த தங்கள் அரிசி ஆலை நன்றாக ஓடிய நாட்களில், சகோதரர் இருவரும் ஆளுக்கொன்றாக இறக்குமதி செய்தார்கள். அதன் பின்னர் ஊரே இரண்டாகப் பிளந்தது. சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் லான்சர் கட்சியார் ஒரு மேசையிலும் சுபாரு கட்சியார் மற்றொரு மேசையிலும் அமர்ந்து, தாம் ஒருநாளும் ஏறாத வண்டிகளுக்காக வாதாடினார்கள். லான்சர் வளைவில் கத்திபோல் திரும்பும் என்பார் முனாப். அஹ்ஸனோ பொனட்டுக்கு மேலே திறந்திருக்கும் காற்றுவாயைத் தட்டிக்காட்டி, தன் எஞ்சினின் உறுமலைக் கேட்டபின் வேறொன்றைக் கேட்க மனம் வராது என்பான். "காக்கா, உங்கட வண்டிய நீங்க ஓட்டல்ல, அதுதான் உங்கள ஓட்டுது" என்று அவன் தன் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அவன் றுமானாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை.

இனி நான் எழுதப்போவது எனக்கு இழிவு தருவது. ஆயினும் முழுமையாக எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. றுமானா தன் புதிய வீட்டுக்கு நிறம் பூசுவோருக்குத் தேநீர் கொண்டு, பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கைக்குச் சென்றிருந்தாள். முனாப் சவளக்கடை ஆலையில் இருந்தார். நான் பள்ளிவாசலில் இருந்தேன். காலை ஒன்பது மணியளவில் கடல் எழுந்தது. மாடிக்கென்று போட்டிருந்த கொங்கிரீட் தட்டு மட்டும் தூண்களில் நின்றது; அதில் ஏறி நின்றதால் அவள் தப்பினாள். இரண்டாம் நாள் அஹ்ஸனின் உடல் மையித்தாக மேற்கே வயலோரத்தில் கிடைத்தது. அவனுடைய கார் ஒழுங்கையின் நடுவே இரண்டு மதில்களுக்கிடையில் இறுகி நின்றது. அதன் முகம் மேற்கே, பிரதான வீதியை நோக்கியிருந்தது. கடலுக்கு முதுகு.

ஞாயிறு காலைகளில் அவன் காரைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஈரமணலில் ஓட்டுவதை யாவரும் அறிவர். ஆகவே நான் முடிவு கட்டினேன்: கடற்கரையில் நின்றான், அலையைக் கண்டான், வண்டியைக் காப்பாற்ற மேற்கே ஓடினான், வழியில் தட்டின்மேல் நின்ற என் மகளைக் கடந்தே போனான். இதை நான் வீட்டில் சொன்னேன். அவனை அடக்கக் கபன் துணி மடித்துக்கொண்டிருந்தவர்களிடமும் சொன்னேன். ஓராண்டு நிறைவில் பள்ளிவாசல் வெளியிட்ட நினைவு மலருக்கு நானே ஆசிரியன். அதில், "உயிர்களைக் காக்க ஓடி மாண்டோர் பலர், தம் வாகனத்தைக் காக்க ஓடி மாண்டோரும் உளர்" என்று எழுதினேன். பெயர் குறிப்பிடவில்லை. அந்த ஒழுங்கையில் அன்று நின்றது ஒரே கார். அவனுக்கும் முனாப்புக்கும் தாயான கைருன்னிஸா மலரைத் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை.

முனாப் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சில்லுகள் சுழலாததால் இருபது பேரைக் கொண்டு அந்தக் காரைத் தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, எங்கள் வளவில் இறக்கி, தார்ப்பாய்ப் படங்கால் மூடினார். உப்பு இறுகிவிட்டது என்றார்கள். ஏறத்தாழ ஐந்து வருடங்களாக எவரும் அந்தப் படங்கை நீக்கவில்லை.

இப்போது வீதித் தடைகள் எடுபட்டுக் கண்டியிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பந்தயக்காரர் ஒருவர் இரண்டில் எதையும் வாங்கத் தயார் என்றார். ஓடாத இம்பிரெசாவையும் பாகங்களுக்காக எடுப்பார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். ஓடுகின்ற வண்டி ஒரு பக்கம், துருப்பிடித்த வெட்கம் ஒரு பக்கம். முனாப் மட்டும் மூன்று நாள் முடிவு சொல்லவில்லை. நான்காம் நாள் காலையில் பாண்டிருப்பிலிருந்து சுபாஸ்கரன் என்ற மெக்கானிக்கை அழைத்து வந்தார். தியத்தலாவைப் பந்தயங்களுக்கு இரு சகோதரரின் வண்டிகளையும் ஆயத்தம் செய்தவர் அவரே.

படங்கை இழுத்தபோது கடலின் மணம் வந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகும் வந்தது. சுபாஸ்கரன் கண்ணாடி உடைந்த கதவினூடாகக் கையை விட்டுத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் படிந்த மணலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். கியர்த் தண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு முனாப்பை அழைத்தார்.

"முனாப் அண்ணன், இத ஆரும் உள்ளுக்க ஏறிப் பாத்தவங்களா?"

"இல்ல. ஒத்தரும் தொடல்ல."

"வந்து பாருங்க. வண்டி றிவேர்ஸ் கியர்ல கிடக்கு."

நிறுத்தி வைக்கும்போது அந்தக் கியரில் விட்டிருக்கலாமே என்று நான் குறுக்கிட்டேன். எனக்கு வண்டியோட்டத் தெரியாது. ஆயினும் வாதாடத் தெரியும். சுபாஸ்கரன் எனக்கு மதிப்புக் கொடுத்தே விடை சொன்னார்.

"இல்ல சேர். நிப்பாட்டினவரெண்டா திறப்ப ஓஃப் பண்ணி உருவி எடுத்திருப்பார், ஹேண்ட்பிரேக்க இழுத்திருப்பார். ஹேண்ட்பிரேக் கீழ கிடக்கு. திறப்பு ஓண்ல கிடக்கு. ஓடிக்கொண்டிருந்த வண்டி இது. சில்லு சுத்தாம கிடந்தது உப்பால இல்ல, கியர்ல கிடந்ததால."

முனாப் காரின் கூரையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"மாமா, அந்த ஒழுங்கைக்குள்ள காரத் திருப்ப ஏலுமா?"

ஏலாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மகளுக்கும் ஒவ்வொரு வீடாகக் கட்டிக் கட்டி மதில்களை முன்னே தள்ளியதில், அந்த ஒழுங்கை ஒரு காரின் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. என் மகளுக்குக் கட்டிய வீட்டின் மதிலும் ஒரு முழம் வெளியே வந்திருந்தது. அதற்கு நின்று அளவு காட்டியவன் நான். அதனால் கார் வைத்திருப்போர் யாவரும் பிரதான வீதியிலிருந்து பின்னோக்கியே உள்ளே போவார்கள். அப்போதுதான் முகம் மேற்கே பார்க்க நேராக வெளியே வரலாம். சீமெந்து ஏற்றிய லொறியையும் அவ்வாறே உள்ளே எடுப்பித்திருக்கிறேன். அந்த ஒழுங்கையில் நிற்கும் எந்த வாகனத்தின் முகமும் மேற்கே பார்க்கும். போகிற வாகனமும் மேற்கே பார்க்கும். வருகிற வாகனமும் மேற்கே பார்க்கும்.

"அவன் கடக்கரையில நிக்கல்ல மாமா" என்றார் முனாப். "மெயின் றோட்டுல நிண்டிரிக்கான். தண்ணி வாறதக் கண்டு பின்னுக்கு எடுத்திரிக்கான். கடல் பக்கமா."

அந்நேரத்தில் எனக்கு மற்றொன்று நினைவுக்கு வந்தது. கிணற்றடியில் அடுக்கியிருந்த சீமெந்துப் பைகளின்மேல் நான் உட்கார்ந்துவிட்டேன்.

தப்பி வந்த அன்று மாலை, நனைந்த உடையோடு நடுங்கிக்கொண்டே றுமானா என்னிடம் சொல்லியிருந்தாள்: காரின் பின்பக்கத்தைக் கண்டாளாம், பின்னால் வெள்ளை வெளிச்சம் எரிந்ததாம். பின்பக்கம் தெரிந்ததென்றால் போகிறான் என்பது பொருள் என்று நான் அவளுக்கு விளக்கினேன். அவள் மறுபடியும், "வெள்ள லைட்டு எரிஞ்சிச்சி வாப்பா" என்றாள். எந்த விளக்காயிருந்தால் என்ன என்று அதட்டினேன். அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஐந்து ஆண்டுகள் என் விளக்கத்தையே தன் நினைவாக வைத்துக்கொண்டு வாழ்ந்தாள்.

"சுபாஸ்கரன்" என்று கேட்டேன், "காரின் பின்னால் வெள்ளை வெளிச்சம் எப்போது எரியும்?"

"றிவேர்ஸ் போட்டா மட்டும்தான் சேர். பிரேக் பிடிச்சா சிவப்பு."

ஒரு சிறுவனும் அறிந்த செய்தி. முப்பத்தாறு ஆண்டுகள் பிறர் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்ட எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. தெரியாததைக் கேட்டறியவும் நான் முயலவில்லை. வெள்ளை விளக்கெரிய, அவளை நோக்கி, கடலை நோக்கி, பின்னோக்கி வந்துகொண்டிருந்த ஒருவனை நான் ஓடிப்போனவன் என்று அச்சிட்டு ஊருக்குக் கொடுத்திருக்கிறேன்.

சித்தி லைலா எல்லாவற்றையும் அடுக்களை யன்னலில் நின்று கேட்டிருந்தாள். அவள் என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். நிக்காஹுக்கு மூன்று மாதம் இருந்தது. இப்போது சொன்னால் பிள்ளை கலியாணம் வேண்டாம் என்பாள், முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றாள். "அஞ்சு வருசம் கதைச்சீங்க. மூணு மாசத்துக்குக் கதைக்காம இரிக்க ஏலாதா?" என்று கேட்டாள். அவள் அஞ்சியதற்கே நானும் அஞ்சினேன். ஆனால் பேசியதால் விளைந்த அநியாயத்தைப் பேசாமலிருந்து நீட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

றுமானா அதே வளவிலுள்ள என் மூத்த மகளின் வீட்டில் தைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். கியர், திறப்பு, விளக்கு என்று வரிசையாகச் சொல்லி, இறுதியில், நீ கண்டது சரி, நான் சொன்னது பிழை என்றேன். அவள் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அப்ப, என்னக் கண்டிரிக்கார்."

"ஓம் மகள்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நான் போகவா நிற்கவா என்று அறியாது நின்றேன். பின்னர் அவள் எழுந்து வெளியே போய், படங்கு நீக்கிய காரைச் சுற்றி வந்து, பின்னால் நின்றாள். உடைந்து ஒரு பக்கம் மட்டும் எஞ்சியிருந்த பின்விளக்கின் வெள்ளைக் கண்ணாடித் துண்டைத் தாவணி நுனியால் துடைத்தாள். முனாப்பும் சுபாஸ்கரனும் தள்ளி நின்றார்கள்.

"மச்சான், இத விக்க வேணாம்" என்றாள். "இது எனக்குத் தாற வளவுதானே. இது நிக்கட்டும். கிழக்கு அறைய நாலடி குறைச்சிக் கட்டுங்க."

முனாப் தலையசைத்தார். மூன்று நாளாக அவரால் செய்ய முடியாத தெரிவை அவள் ஒரே வார்த்தையில் செய்து முடித்தாள். கலியாணம் என்னாகும் என்று சித்தி லைலா வாசலில் நின்று கேட்டாள். கலியாணத்தில் மாற்றமில்லை, அக்கரைப்பற்று மாப்பிள்ளைக்கு நானே சொல்வேன், கேட்டுவிட்டு வருபவர் வரட்டும் என்றாள் றுமானா. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கைருன்னிஸா மாமிக்கிட்ட உண்மைய நீங்கதான் செல்லோணும் வாப்பா. எழுதின ஆள் நீங்கதான்."

மறுநாள் லான்சரைக் கண்டிக்காரர் எடுக்க வரும் நாள். அதற்கு முன், காலை எட்டு மணிக்கு, முனாப் என்னை அதில் ஏற்றிக்கொண்டார். கைருன்னிஸாவின் வீடு அதே ஒழுங்கையில், கடல் எட்டாத மேற்குப் பாதியில் இருக்கிறது. ஒழுங்கை வாயில் அவர் வண்டியை நிறுத்தி, கியரை மாற்றி, என் இருக்கையின் முதுகில் கையை வைத்துத் திரும்பிப் பார்த்தார். வண்டி பின்னோக்கி நகர்ந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். இரு பக்கத்து மதில்களும் கண்ணாடியை உரசுவதுபோல் நெருங்கின. எங்கள் பின்விளக்கின் வெள்ளை வெளிச்சம் ஈரமான மதிலொன்றில் மங்கலாக விழுந்து எங்களோடு ஊர்ந்தது. ஒழுங்கையின் முடிவில் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்து, பெரிதாகிக்கொண்டே வந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று என் உடல் முழுவதும் சொன்னது. அவன் இதைவிட வேகமாக, இதைவிட நெடுந்தூரம் போயிருக்கிறான்.

வண்டி நின்றது. கைருன்னிஸா வாசல் கேற்றைப் பிடித்தபடி நின்றார். நான் இறங்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகத் தொடங்கியவர், என் கையில் அந்த நினைவு மலரைக் கண்டு நின்றார்.

"மச்சி" என்றேன். "இதுல நான் எழுதினது பொய். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல எழும்பி நிண்டு செல்லப்போறன். முதல்ல உங்களுக்கிட்ட செல்ல வந்தன்."

அவர் கேற்றைத் திறக்கவில்லை, மூடவும் இல்லை. "செல்லுங்க, கேக்கிறன்" என்றார். நான் வீதியில் நின்றபடியே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.