ஒச்சம்மாள் சோளம்

ஜீப்பில் வந்து இறங்குகிறவர்களைக் கண்டாலே ஒச்சம்மாளுக்கு ஆகாது. காரணம் இல்லாமலும் இல்லை. அறுபத்தாறில் இப்படித்தான் ஒரு கூட்டம் பரளச்சிக்கு வந்து, வீட்டுக்கு வீடு ஒட்டுச் சோள விதையைக் கொடுத்துவிட்டுப் போனது. முதல் வருசம் கதிர் திமிறிக்கொண்டு நின்றது என்னவோ உண்மை. அதில் விதை எடுத்து மறு வருசம் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று மணியே பிடிக்கவில்லை. கேட்டதற்கு, ஒட்டு விதையை வருசா வருசம் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா?

ஆகவே அறுபத்தொன்பதில் நிபுணர் குழு என்று நாலு பேர் வந்தபோது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். புருஷன் மொக்கையன்தான் கட்டிலை எடுத்துப் போட்டு, வாயெல்லாம் பல்லாக நின்றான். எந்தப் பயிரை ஆராய வேண்டும் என்று சர்க்காருக்கு யோசனை சொல்கிறவர்களாம். அவர்களில் மூத்தவரான நல்லமுத்து இருங்கு என்கிற அந்த வீட்டு நாட்டுச் சோளத்தின் கூழைக் கேட்டு வாங்கிக் குடித்தார். எத்தனை நாள் தாங்கும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பீர்களா என்று குடைந்து குடைந்து விசாரித்தார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். மழை பொய்த்த வருசத்திலும் விளைகிற சோளம் இந்த ஒரு வீட்டில்தான் இருக்கிறதாம். ஒரு படி விதை வேண்டும்.

கொல்லையிலிருந்தே காதைக் கொடுத்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளுக்குச் சுருக்கென்றது. ஊரே ஒட்டுச் சோளத்துக்கும் பருத்திக்கும் மாறிய பிறகு, சாம்பல் கலந்து பானையில் அவள் மட்டும் காத்துவந்த விதை அது. தன் காட்டில் விதைப்பு முடியாமல் விதை வாசல் தாண்டக் கூடாது என்பது வேறு அந்த வீட்டு வழக்கம். மொக்கையனைத் தனியே கூப்பிட்டாள்.

“இதையும் கொண்டுபோயி ஒட்டுக்கட்டி நம்மகிட்டயே விப்பாக. பாத்துக்கிட்டே இருங்க.”

வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று அவன் தலையைச் சொறிந்தான். சரி, நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றாள். ஜீப் போனதும் ஒரு படி அளந்து துணியில் முடிந்து, கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, வெயிலில் பரப்பினாள். மறுநாள் நல்லமுத்து தான் கொண்டுவந்த பையில் விதையைக் கொட்டி, அதன் மேல் ‘ஒச்சம்மாள் சோளம், பரளச்சி’ என்று மையால் எழுதி, அவளைக் கும்பிட்டுவிட்டு வாங்கிப் போனார். அவளுக்கு உள்ளூரச் சிரிப்பு.

எழுபத்து மூன்றிலும் நாலிலும் வானம் கையை விரித்தது. முதல் தூறலை நம்பிப் பானையில் பாதியைப் போட்டாள், முளைத்ததெல்லாம் கருகியது. மறு வருசம் மீதியைப் போட்டாள், அதுவும் போயிற்று. எத்தனையோ வறட்சியைத் தாங்கிய சோளம் அந்த வறட்சிக்குத் தாங்கவில்லை. பானை காலியானபோதுதான் அந்தப் பை நினைவுக்கு வந்தது. ஒரு முக்குத்தானே முக்கினோம், பத்து மணியாவது பிழைத்திருக்காதா? அந்த நப்பாசையில், விதை சுமக்கிற பழைய பையை எடுத்துக்கொண்டு நல்லமுத்து வேலை பார்க்கிற அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

ஆராய்ச்சிப் பண்ணையில் நல்லமுத்து அவளைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“வாங்கம்மா. விதை கொண்டாந்திருக்கீகளா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிக்கொண்டு போனார். அன்று வாங்கியதில் ஒன்றுகூட முளைக்கவில்லையாம். வீரசோழன், திருச்சுழி எல்லாம் சுற்றிவிட்டு வரும்வரை பையை வெயிலில் ஜீப்பிலேயே போட்டு வைத்ததால் விதை செத்துவிட்டது என்று, அறிக்கையில் தன் தவறாகவே எழுதிவிட்டாராம்.

“ரெண்டாவது தடவ விதை கேட்டு உங்க வாசல்ல வந்து நிக்க எனக்கு மொகமில்லம்மா.”

அலமாரியிலிருந்து அந்தப் பையை எடுத்துக் காட்டினார். அவள் பெயர் அப்படியே இருந்தது. ஒச்சம்மாளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

“வெயிலு கொல்லலய்யா. நாந்தேன் வெந்நியில முக்கிக் குடுத்தேன்.”

அவர் திட்டுவார் என்று நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. வீட்டில் ஒரு பிடியாவது மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அவள் தன் பையை மேஜைமேல் கவிழ்த்து உதறினாள். விதைப்பானைச் சாம்பல்தான் கொஞ்சம் உதிர்ந்தது. இருவரும் அதையே விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்கள்.