ஓட்டல மேடம், தள்ளுறோம்

எங்க வூட்டுக்காரரு பழனிவேலு, கடலூர் சில்வர் பீச்சுலேர்ந்து ஒரு வண்டி வாங்கியாந்தாரு. லீவு நாள்ல ஜனங்கள ஏத்திக்கிட்டு மணல்ல ரவுண்டு வுடுவாங்களே, குண்டு குண்டா நாலு டயரு, பைக்கு மாதிரி ஹேண்டிலு, அந்த வண்டிதான். வுட்டுக்கிட்டிருந்தவன் தொழில மூட்டகட்டிட்டானாம். இவுரு குட்டியானை வேன்ல ஏத்திக்கிட்டு வந்து வாசல்ல எறக்குனப்பறந்தான் எனக்கே சேதி தெரியும்.

"எதுக்கு மாமா இந்த எருமக்கடா?"ன்னு கேட்டேன். சொந்த மாமன் மவன், அதனால எனக்கு வாயி கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் போவும்.

"கொல்லைக்குப் போவத்தான் இளவரசி. மணல்ல டூவீலர் சிக்கிக்குதுல்ல? இது பறக்கும் பாரு."

கேட்டதும் எனக்கு மனசு குளுந்துட்டுது. எங்க வூடு ரோட்டுக்கு இந்தாண்ட, வேர்க்கடல போட்டிருக்கற எங்க மல்லாட்டக் கொல்லை அந்தாண்ட. நாலுவழிச் சாலை வந்து வகுடெடுத்த மாதிரி ரெண்டாப் பிரிச்சிட்டுது. ரோட்டத் தாண்டுனா முந்திரித்தோப்பு, அதுக்குள்ள கால் பொதையற மணல். தலையில சோத்துக் குண்டான், இடுப்புல தண்ணிக் கொடம், இப்பிடியே நடந்து நடந்து எம் முட்டி ரெண்டும் எப்பவோ போயிட்டுது. இத ஓட்டக் கத்துக்கிட்டா அந்த மணல்ல நடக்கவே வேணாமேன்னு ஆசப்பட்டேன்.

ஆனா ஒரு சிக்கல் இருந்துது. சிதம்பரத்துல விசாரிச்சப்ப ஒரு ஆர்டிஓ புரோக்கர் வுழுந்து வுழுந்து சிரிச்சானாம். "அண்ணே, இது ரோட்டுல ஓட்டறதுக்குச் செஞ்ச வண்டியே இல்ல. நம்பர் குடுக்கமாட்டாங்க. நம்பர் இல்லன்னா இன்சூரன்சும் கெடையாது. உன் நெலத்துல எப்பிடி வேணா ஓட்டிக்க, எவனும் கேக்கமாட்டான். தார் ரோட்டுல ஓட்டுனா கேசு"ன்னு சொல்லியிருக்கான்.

எங்க வூட்டுக்காரருக்குக் கேசுன்னா கொலநடுங்கும். சிதம்பரத்துல ஒரு ஸ்கூல் பஸ்சு ஓட்டுறவரு அவுரு. லைசென்சுல ஒரு கறை வுழுந்தா அன்னிக்கே சாவிய வாங்கி வச்சிக்கிட்டு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அந்தச் சம்பளத்துலதான் எங்க பொண்ணு வினோதினி அண்ணாமலை நகர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா.

ரெண்டு நாளு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டிருந்தாரு. அப்பறம் திடீர்னு தொடையத் தட்டுனாரு.

"ஓட்டுனாத்தானே கேசு? தள்ளிக்கிட்டுப் போனா? இஞ்சின் ஆஃப், சாவி என் பையில. எந்தச் சட்டத்துல தப்பு?"

"தள்ளுறது யாரு?"

"நீதான். ஹேண்டில் புடிக்க ஒரு டிரைவர் வேணாமா?"

எப்பிடி இருக்குது பாருங்க நியாயம்! எலுமிச்சம்பழத்த நசுக்கி, சூடம் காட்டி, நம்பர் இருக்க வேண்டிய எடத்துல முருகன் படத்த ஒட்டிட்டு, மகாராசா மாதிரி ஏறி ஒக்காந்துக்குவாரு. நான் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு பின்னாடியே தள்ளுவேன். அந்தாண்ட போயி மணல்ல எறங்குனதும் சர்ருனு ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிடுவாரு. நான் புழுதியத் தின்னுக்கிட்டு நடந்து போவேன். "எனக்கும் கத்துக் குடு மாமா"ன்னு கேட்டா, "இது என்ன மாவு மிஷினா, பொம்பளைங்க வந்து நிக்கறதுக்கு?"ன்னு சொல்லுவாரு. கொழுப்புதானே?

போன மாசம் மல்லாட்ட புடுங்க ஆளுங்க வந்திருந்தாங்க. அன்னிக்கு ஸ்கூலுக்கும் லீவு. சோத்துக் குண்டான், தண்ணி கேனு எல்லாத்தையும் வண்டி பின்னாடி கட்டி, ரோட்டுல பாதி தூரம் தள்ளிட்டேன். நடுத்திட்டுல பூச்செடி வச்சிருக்கற எடத்துல சந்து இருக்குதுல்ல, அங்க மண்ணுல டயரு எறங்கிட்டுது. ஆடவும் இல்ல, அசையவும் இல்ல. ரெண்டு பக்கமும் பஸ்சும் லாரியும் ஆரன் அடிக்குது. இவுரு மேல ஒக்காந்துக்கிட்டு, "தம் புடிச்சுத் தள்ளு புள்ள!"ன்னு அதட்டுறாரு. அந்தாண்ட நின்ன ஆளுங்க எல்லாம் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறாங்க.

அப்பத்தான் போலீசு ஜீப்பு வந்து நின்னுது. எறங்குனது ஒரு லேடி எஸ்ஐ. சட்டையில ஆரோக்கிய அனிதான்னு பேரு. வண்டியச் சுத்தி வந்து முருகன் படத்தப் பாத்தாங்க.

"இவர்தான் நம்பரா? யார் இத ரோட்டுல ஓட்டுறது?"

இவுரு படக்குனு எறங்கி நின்னாரு. "ஓட்டல மேடம், தள்ளுறோம்."

"தள்ளுறோமா? நீங்க ஒக்காந்திருந்தீங்க, அந்தம்மா தள்ளுனாங்க. ஜீப்புலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே வர்றேன். வண்டி யாருது?"

எங்க வூட்டுக்காரருக்கு மூஞ்சி வெளுத்துட்டுது. அப்பறம் என்ன சொன்னாரு தெரியுமா? என்னக் கை காட்டி, "இவுளுது மேடம். எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சும்மா ஹேண்டில் புடிக்கச் சொன்னா, புடிச்சேன்"னாரு.

அடப்பாவி மனுஷா! எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது. தொட வுடாத வண்டி, கேசுன்னு வந்ததும் என்னுதாயிட்டுதா? வாயத் தொறந்து நெசத்தச் சொன்னாப் போதும், அன்னியோட பஸ்சும் போவும், பவுசும் போவும். நுனி நாக்கு வரைக்கும் வந்துட்டுது. அப்பறம் வினோதினி மொகம் வந்து முன்னாடி நின்னுது.

"ஆமா மேடம். என் வண்டிதான்"னேன். ஆத்திரத்துல கண்ணுல தண்ணி வந்துட்டுது.

எஸ்ஐயம்மா என்னையும் அவுரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. தள்ளித் தள்ளிச் செவந்து போயிருந்த எங் கையவும் பாத்தாங்க. போன எடுத்து வீடியோவ ஆன் பண்ணிட்டாங்க.

"எங்க சார், அதையே இதுல சொல்லுங்க. 'இந்த வண்டி என் மனைவிக்குச் சொந்தம்.'"

"இந்த வண்டி... என் மனைவி இளவரசிக்குச் சொந்தம்."

"'அவங்கள கேக்காம இத தொடமாட்டேன்.'"

"மேடம், அது எதுக்கு?"

"அப்ப வண்டிய ஸ்டேஷனுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடலாமா? ஓனர் யாருன்னு அங்க வச்சு விசாரிச்சிக்கலாம்."

பாவம், அம்மாம் பேரு முன்னாடி, "அவுங்கள கேக்காம இத தொடமாட்டேன்"னு சொன்னாரு. மல்லாட்ட புடுங்க வந்த ரத்தினம்மா அந்தாண்டேர்ந்து, "சத்தமாச் சொல்லு பழனிவேலு, எங்களுக்குக் கேக்கல!"ன்னு கத்துறா.

அப்பறம் எஸ்ஐயம்மா கண்டிப்பாவே பேசுனாங்க. "தள்ளுறேன், இழுக்குறேன்னு நாலுவழிச் சாலையில இனிமே ஒரு வெளையாட்டும் கூடாது. லாரிக்காரன் பிரேக்கு புடிக்கலன்னா என்னாவும்? கொல்லையிலயே ஒரு கொட்டா போட்டு நிறுத்துங்க. ரோட்டத் தாண்டணும்னா குட்டியானையில ஏத்துங்க. அடுத்த தடவ பாத்தேன், சீஸ் பண்ணிடுவேன். இப்ப வழி வுடச் சொல்றேன், அந்தாண்ட கொண்டுபோங்க. ஏம்மா, ஓனர் நீங்கதானே? ஹேண்டில நீங்க புடிங்க."

ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்திட்டாங்க. நான் ஏறி ஒக்காந்தேன். எங்க வூட்டுக்காரரு தம் புடிச்சுத் தள்ளுனாரு. மூச்சு வாங்குனது எங்காதுலயே கேட்டுது. சிரிப்ப அடக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டுது.

மணல்ல எறங்குனதும் பழக்கதோஷத்துல என்ன எறங்கச் சொல்லி கையக் காட்டுனாரு. "சாவியக் குடு மாமா. வீடியோ இருக்குது"ன்னு சொன்னேன். குடுத்துட்டாரு. உர்ருன்னு மூஞ்சிய வச்சிக்கிட்டே எது ஸ்டார்ட்டு, எது பிரேக்குன்னு சொல்லித் தந்தாரு. மொதல்ல ஒரு குதி குதிச்சுது பாருங்க, குண்டான் மூடி பறந்துட்டுது. "அய்யோ, மெதுவா!"ன்னு பின்னாடியே ஓடியாந்தாரு. நான் நிறுத்தல. முந்திரித்தோப்பத் தாண்டி, கத்திக்கிட்டே கொல்லைக்குப் போயிச் சேந்தேன். எம் முட்டியில ஒரு வலி இல்ல.

மத்தியானம் எல்லாருக்கும் சோறு போட்டுட்டு மர நெழல்ல ஒக்காந்திருந்தேன். வந்து நின்னாரு. தலையச் சொறிஞ்சாரு.

"இளவரசி, மூட்டையெல்லாம் ரோட்டோரம் கொண்டாந்து போடணும். வண்டிய எடுத்துக்கட்டுமா?"

நக்கலுக்குக் கேக்குறாரோன்னு மூஞ்சியப் பாத்தேன். இல்ல, நெசமாத்தான் கேட்டாரு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து, என் வளையலக் கொண்டுபோயி அடகு வச்சப்பகூட, எடுத்துக்கட்டுமான்னு அந்த வாயி ஒரு தடவ கேட்டதில்ல. மடியிலேர்ந்து சாவிய எடுத்து நீட்டுனேன்.

"எடுத்துக்க மாமா. பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து குடுத்துடணும்."

"சரிங்க"ன்னுட்டுப் போனாரு.