எட்டாவது நிமிடத்தில் நோயாளி சம்மதிப்பார்

1

இந்தக் கதை ஒரு மதிப்பெண் முறையீட்டு மனுவிலிருந்து பிறந்தது. உள்ளுணர்வு, கனவில் வந்த வரி என்றெல்லாம் கதைவிட மாட்டேன். நாலு பக்க மனு. அதில் மூன்றாம் பக்கத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதிக் கொடுத்ததை அழிக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "உடல்நல உளவியல் என்பது மனிதர்களின் நடத்தைக்கும் நோய்க்கும் இடையிலான—" பாடப்புத்தக வாடை. விட்டுவிட்டேன்.

அப்புறம் இப்படி: "எதிர் நாற்காலியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்." பொய். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இரண்டு மதிப்பெண் கிடைத்திருக்கும். 'நோயாளியின் உணர்ச்சியை மாணவர் கவனித்தார்' என்று மதிப்பெண் தாளில் அதற்கு ஒரு கட்டமே இருந்தது.

2

உடல்நல உளவியல் படிப்பின் இரண்டாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வு இப்படித்தான் நடக்கும். சின்ன அறை, இரண்டு நாற்காலி, மூலையில் தேர்வாளர். எங்களுக்குள் அவர் பெயர் கட்டம் மேடம். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு கட்டம் வைத்திருப்பார். எதிரே நோயாளி. நோயாளியாக நடிக்கக் கூட்டிவரப்பட்டவர். அவர் என்ன பேச வேண்டும் என்பதை முந்தின நாளே ஒரு தாளில் கொடுத்துவிடுவார்கள். என்னுடைய தேர்வுக்கான தாளைப் பிற்பாடு பார்த்தேன்.

"வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை நோய். மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை. காரணம்: அலட்சியம். மாணவர் கனிவாகப் பேசினால், எட்டாவது நிமிடத்தில் நோயாளி சம்மதிப்பார்."

அன்று நடிக்க வந்தவர் பக்கத்து மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். நிஜமாகவே சர்க்கரை உள்ளவர். அது பொருத்தமாக இருக்கும் என்று யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாக்கா?"

"போடுறதில்ல தம்பி. எல்லாம் சோம்பேறித்தனந்தான்." ஒப்பிக்கிற குரல்.

"கஷ்டமாத்தான் இருக்கும், புரியுது." எனக்கு ஒரு மதிப்பெண்.

"என்ன புரியுது?"

"இல்ல... தினமும் ஞாபகம் வெச்சு..."

"ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளைக் குறைச்சாங்க, கூடவே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையும் எடுத்துட்டாங்க. மிஷினை விட்டு நகரக் கூடாது. சாப்பிடாம மாத்திரை போட்டா கண்ணு இருட்டுது. போன மாசம் துணி கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்துல விழுந்தேன். ஒரு அடி தள்ளியிருந்தா உள்ள போயிருப்பேன். இப்பச் சொல்லு, நான் சோம்பேறியா?"

மூலையில் தாள் புரளும் சத்தம். கட்டம் மேடம் அந்த வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"யாருக்கா எடுத்தது?" என்று கேட்டேன். அதற்குக் கட்டம் இல்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது.

தீர்ப்பு: நோயாளி தாளை விட்டு விலகினார். மாணவர் அவரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. இலக்கு வகுக்கவில்லை. தோல்வி.

"மேடம், அவங்க நடிக்கல. அது நிஜம்."

"இருக்கட்டுமேப்பா. நாம மாத்தச் சொல்றது நோயாளியோட பழக்கத்தை. சூப்பர்வைசரை மாத்துறது நம்ம பாடத்திட்டத்துல இல்லையே."

[ஓரக் குறிப்பு: கட்டம் மேடத்தை வில்லியாக்கிவிட்டேனா? அக்கா எழும்போது தள்ளாடினார். முதலில் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தது இவர்தான். திரும்பி வந்து எனக்குத் தோல்வி என்று போட்டதும் இவர்தான். மோசமான ஆளாக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.]

3

இரவெல்லாம் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு, காலை எட்டு மணி வகுப்பில் நான் எழுதிவைத்த குறிப்பு இது: 'தூக்கமின்மை உள்ளவர் படுக்கையறையை இருட்டாக வைத்துக்கொள்ள வேண்டும்.' இரண்டு ஆண்டுகள் இதைத்தான் படித்தேன். வேலை ஆளைத் தின்னும். நாங்கள் போய், தின்னப்படும்போது மூச்சை எப்படி ஆழமாக இழுப்பது என்று சொல்லிக்கொடுப்போம். செய்யாவிட்டால் அலட்சியம் என்று எழுதிக்கொள்வோம்.

அந்தக் கோபத்தில்தான் மனு எழுதினேன். நியாயத்துக்காக எழுதினேன் என்று இந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். மதிப்பெண்ணுக்காக எழுதினேன். மூன்றாம் பக்கத்தில், அவர் சொன்னது நிஜம், சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் பறிக்கப்பட்டிருக்கிறது என்று விலாவாரியாக. முறையீட்டுக் குழு பொறுப்பானது. சரிபார்க்கச் சொல்லி ஒரு நகலை மருத்துவமனை நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டது.

4

நூலக வாசலில் அக்கா என்னைப் பிடித்தார்.

"மனு போட்ட மகராசன் நீதானா?"

"உங்க பேரைப் போடலக்கா."

"அங்க சர்க்கரைக்காரி எத்தன பேருன்னு நெனச்ச? மாநாடா நடத்துறோம்? நான் ஒருத்திதான்."

"நிஜத்தைத்தானே எழுதினேன்..."

"எனக்கே சொல்லித் தர்றியா? சூப்பர்வைசர் கூப்பிட்டு, நெசமா சொன்னியா, நடிச்சியான்னு கேட்டாரு. நடிச்சேன்னுட்டேன். இன்னும் மூணு வருஷம் வேலை இருக்கு எனக்கு. உன்னையும் கேப்பாங்க. நடிப்புதான்னு சொல்லிடு."

போகத் திரும்பியவர் நின்றார்.

"அதுவும் பிரமாதமா நடிச்சாங்கன்னு சொல்லு. அடுத்த வருஷமும் கூப்பிடட்டும். அந்த ஒரு நாளாவது உக்காந்து கெடப்பேன்."

சிரித்தது அவர் மட்டும்தான்.

5

குழுவிடமிருந்து எனக்கு வந்த கடிதத்தில் ஒரே கேள்வி: நோயாளி கூறியது உண்மையா, நடிப்பா?

முதல் முடிவு: உண்மை என்கிறேன். குழு கொதித்தெழுகிறது. சாப்பாட்டு நேரம் திரும்பி வருகிறது, என் மதிப்பெண்ணும் வருகிறது, அக்கா கையில் சோற்று டப்பாவோடு— இரண்டு பத்தி எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது: நடிப்பு என்கிறேன். அவருக்கு வேலை மிஞ்சுகிறது. பட்டினியில் ஒருத்தி மயங்கி விழுந்தது, நல்ல நடிப்பு என்று கோப்பில் ஏறுகிறது.

மூன்றாவது, நான் செய்தது. மனுவைத் திரும்பப் பெற்றேன். கூடவே படிப்பையும் விட்டேன். மனு இல்லையென்றால் விசாரணை இல்லை. "படிக்கத் துப்பில்ல" என்றான் அண்ணன். தியாகம் என்று நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் சொல்ல பயந்து ஓடினேன். சாப்பாட்டு நேரம் இன்னும் வரவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்வுக்கும் அதே தாள்தான், அதே 'அலட்சியம்'தான் என்று கேள்விப்பட்டேன்.

இத்தனையையும் கதையாக எழுதியதற்குக் காரணம், கதை என்றால் யாரும் சரிபார்க்க அனுப்ப மாட்டார்கள் என்பதுதான். கடைசியில் 'யாவும் கற்பனை' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும். ஆனால் அதுவும் 'நடிப்புதான்' என்று எழுதிக் கொடுப்பதுதானே? அந்த வரியைப் போட எனக்கு மனம் வரவில்லை. போடாமல் விடவும் துணிச்சல் இல்லை.

அதனால் குழுவின் கேள்வியை உங்களிடம் தள்ளிவிடுகிறேன். நீங்கள் நம்பினால் அக்காவுக்கு வேலை போகும். நம்பாவிட்டால் சாப்பாடு போகும்.