பருப்பு வேகாத தண்ணீர்

நெடுஞ்செழியன் காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவான். தொட்டி நிரம்பும் வரை வாசலில் நிற்பான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சுவான். குக்கரில் பருப்பு வைப்பான். அதற்கு மட்டும் கேன் தண்ணீர். விழுப்புரத்தில் அவன் குடியிருக்கும் தெருவில் போர்வெல் தண்ணீர் உப்பு. எத்தனை விசில் விட்டாலும் அதில் பருப்பு வேகாது. பிறகு மகளை எழுப்புவான். பல் துலக்க வைப்பான். தலை வாருவான்.

தலை வாரும்போதுதான் காலை வேலை தடுக்கி நிற்கும்.

சங்கவிக்கு ஏழு வயது. முடி அப்படியே அவள் அம்மாவின் முடி. தோளுக்குக் கீழே சுருள் சுருளாக இறங்கும். தலைக்கு ஊற்றினால் போதும், அது பிசுபிசுத்துத் திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். சீப்பின் பல்லில் வெள்ளையாக மெழுகு மாதிரி ஏதோ வரும். சங்கவி கத்த மாட்டாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். போன ஆடியில் அவள் அம்மா அமலா இறந்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் தேவைக்கு மட்டுமே பேசினார்கள்.

தலைக்குப் போடும் சோப்பு திண்டிவனத்திலிருந்து வருவது. அமலாவின் தங்கை அன்புச்செல்வி வீட்டிலேயே செய்து விற்கிறாள். பாட்டில் ஷாம்புக்குப் பதில் கட்டி சோப்பு. தலைக்குத் தலை சோப்பு வேறு என்பது அவள் கட்சி. எண்ணெய் வடிகிற முடிக்கு ஒன்று. டை அடித்த முடிக்கு ஒன்று. சுருட்டைக்கு விளக்கெண்ணெய் கூடுதலாக ஊற்றிய ஒன்று. அக்கா மகளின் சோப்பில் பல்குச்சியால் நட்சத்திரம் கீறி அனுப்புவாள். நெடுஞ்செழியனும் அதையேதான் தேய்த்துக் குளித்தான். அவன் தலைக்கு ஒரு குறையும் இல்லை.

பள்ளி திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனான். செல்வி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மாமா இது? புள்ள தலையா, தேன்கூடா?"

"உன் சோப்புதான்."

"என் சோப்ப சொல்லாத. எங்க பெரியக்கா தலையப் பாரு, மாசம் தவறாம டை அடிக்குது. பட்டாட்டம் கீது. நீ எப்டித் தேய்க்கிற? காட்டு."

அவன் காற்றில் தேய்த்துக் காட்டினான்.

"அய்ய! மாடு கழுவுறியா? சோப்ப தலையில வைக்கவே கூடாது. கையில நுரை பண்ணி, அந்த நுரையத்தான் வைக்கணும்."

"அப்படியும் பண்ணேன். இதேதான்."

உள்ளிருந்து அருணா வந்தாள். அமலாவுக்கு மூத்தவள், செல்வியோடு அதே வீட்டில் இருப்பவள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. சங்கவியை இழுத்து மடியில் உட்கார வைத்து, ஒட்டிக் கிடந்த முடியை விரலால் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

"தம்பி, கோச்சிக்காத. ஆம்பள ஒண்டியா எவ்ளோதான் பாப்ப? புள்ளய இங்க வுட்டுட்டுப் போ. இங்கியே ஸ்கூல்ல சேத்துடலாம். வாரா வாரம் வந்து பாத்துக்கோ. அமலா இன்னா சொல்லிட்டுப் போனா? பாப்பாவ பாத்துக்கோங்கன்னுதான சொல்லிட்டுப் போனா."

சாவு வீட்டிலும் அருணா இதைத்தான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அமலா பைபாஸில் வண்டியிலிருந்து விழுந்தபோது பக்கத்தில் சொந்தம் யாரும் இல்லை. ஆனால் வந்தவர்கள் அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. நெடுஞ்செழியன் அன்றைக்கு மறுக்கவில்லை. இன்றைக்கும் மறுக்கவில்லை.

அண்ணி சொல்வதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. இங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கிறது. "சரி அண்ணி" என்று சொல்ல வாயெடுத்தான்.

"பாப்பா, நீ இன்னா சொல்ற?" என்றாள் செல்வி.

சங்கவி மல்லாட்டை உரித்து வாயில் போட்டிருந்த கடலையை மென்று முடித்தாள். "நான் மொட்டை போட்டுக்குறேன். அப்பாகூடவே போறேன்."

நெடுஞ்செழியன் எழுந்து பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினான்.

"சோப்பு ஒன்னு குடு. நானே ஊத்துறேன். நீங்க பாருங்க, எங்க தப்பு பண்றேன்னு."

கொல்லையில் கிணற்றடி. செல்வி இடுப்பில் கை வைத்து நின்றாள். "மெதுவா... காதுக்குப் பின்னால... அடிய வுட்டுடாத, நுனியில தேய்க்காத..." அவன் காதில் வாங்கவில்லை. வீட்டில் எப்படியோ அப்படியேதான் செய்தான். நுரை பொங்கியது. வீட்டில் இப்படிப் பொங்கியதில்லை. ஊற்றி அலசியதும் முடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. துண்டால் ஒற்றியபோதே சுருள்கள் ஒவ்வொன்றாக எழும்பின. செல்வி விரலை விட்டாள். விரல் கடைசி வரை போனது.

"நல்லாத்தான ஊத்துற? அங்க மட்டும் இன்னா கேடு?"

அவன் சோப்பைத் திருப்பிப் பார்த்தான். அதே கை. அதே நட்சத்திர சோப்பு. அதே தலை.

அருணா மதியச் சமையலுக்குக் குடத்தோடு வந்தாள். கிணற்றுத் தண்ணீரை மொண்டு, கழுவிய பருப்பில் ஊற்றினாள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, கிணத்துத் தண்ணியிலயா பருப்பு வேக வைக்கிறீங்க?"

"பின்ன? பன்னீர்லயா வேக வைப்பாங்க?"

"எங்க வூட்டுத் தண்ணியில வேகாது. கேன் தண்ணி ஊத்திதான்..." பாதியில் நிறுத்தினான்.

செல்விக்கு உடனே பிடிபட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பருப்புக்குக் கேன் தண்ணி, பெத்த புள்ள தலைக்கு உப்புத் தண்ணியா? இதுல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி வேற!"

"என் தலைக்கு ஒன்னும் ஆவலியே."

"உனக்குக் கீறது முடியா? ஒட்ட வெட்டுன தேங்கா நாரு. அதுல எதுனா தங்குமா? இது சுருட்ட மாமா. வளைவுக்கு வளைவு உப்பையும் சோப்பையும் புடிச்சி வச்சிக்கும்."

சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் நுரைக்காது, கசடுதான் திரளும் என்று அவன் பரீட்சையில் எழுதியிருக்கிறான். நல்ல மதிப்பெண். அவனுக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாள் கழித்துக் கேட்ட தன் சிரிப்புச் சத்தம், வேறு யாரோ கொல்லைக்கு வந்து சிரிப்பதுபோல் இருந்தது. சங்கவி துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி அவனைப் பார்த்தாள்.

அருணா சிரிக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள்.

"சரி. இப்ப கூட்டிக்கினு போ. அங்க தலைக்கு ஊத்திட்டு எனக்கு போட்டோ அனுப்பு. இதே மாதிரி இருந்தா அங்கியே படிக்கட்டும். இல்லன்னா நானே வந்து கூட்டியாந்துருவேன்."

அந்த வாரம் அவன் கூடுதலாக ஒரு கேன் போடச் சொன்னான். சனிக்கிழமை காலையில் மோட்டார் போட்டான். பால் காய்ச்சினான். பருப்பு வைத்தான். பிறகு பரணிலிருந்து அலுமினியக் குண்டானை இறக்கி, கேன் தண்ணீரை நிறையச் சாய்த்து அடுப்பில் வெதுவெதுப்பாக்கினான். உடம்புக்குப் போர்த் தண்ணீர். தலைக்குக் குண்டான் தண்ணீர். கையில் நுரை பண்ணி வைத்தான். நன்றாக நுரைத்தது.

சங்கவி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "அம்மாவும் இந்தக் குண்டான்லதான் ஊத்தும்."

அவன் கை நின்றது. "தலைக்கா?"

"ஆமா. உடம்புக்கு ஊத்தாது. காஸ்ட்லி தண்ணின்னு சொல்லும்."

"ஏன் பாப்பா இத்தன நாளா சொல்லல?"

"நீ கேக்கவே இல்ல."

அது உண்மை. அமலா இருந்தவரை தலைக்கு ஊற்றுகிற நேரத்தில் அவன் வேலைக்குக் கிளம்பியிருப்பான். அவள் போன பிறகு அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

வெயிலில் முடி காய்ந்தது. சீப்பு உச்சியில் இறங்கி நுனியில் வெளியே வந்தது. சங்கவி இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டாள். சுருள்கள் குதித்தன. போட்டோ அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் போனில் அருணாவின் குரல் பதிவு வந்தது. "நல்லாகீது தம்பி. அங்கியே இருக்கட்டும். ஆனா லீவுக்கு எங்கிட்டதான் வுடணும், சொல்லிட்டேன்." பின்னால் செல்வி கத்தினாள்: "சோப்ப ஈரத்துல போடாத மாமா, கரஞ்சிடும்!"

சங்கவி அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு பக்கத்து வீட்டில் முடியைக் காட்டப் போய்விட்டாள்.

குண்டானில் அடித் தண்ணீர் கொஞ்சம் மீந்திருந்தது. நெடுஞ்செழியன் அதைக் காபிக்கு வைத்தான். கொதிக்கும் வரை அடுப்படியிலேயே நின்றான். போன ஆடியில் அந்தக் காலையிலும் இதே குண்டானிலிருந்துதான் மொண்டு காபி போட்டான், அவள் சொல்லியும். வண்டியை எடுத்தவள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துக் கடைசியாகச் சொன்னது அதுதான்:

"குண்டான்ல தண்ணி மூடி வச்சிக்கீறேன், காபி கீபி போட்டுறாதீங்க. அது பாப்பா தலைக்கு."