எந்த வெரலு

ஆஸ்பத்திரி வராண்டாவில் பிளெஸ்ஸி சிஸ்டர் மறித்துக் கேட்டபோதுதான் சுகுணா குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை. பொன்னமராவதி பஸ்ஸிலேயே கழன்றிருக்க வேண்டும். வெயிலில் கொதித்துக்கிடந்த தார் ரோட்டை வெறுங்காலோடு தாண்டி வந்திருக்கிறாள், சுடவே இல்லை.

"இன்னொன்ன எங்கடி தொலைச்ச?"

பந்தல் போடும் அப்பா உதயசூரியன் சீட்டுப் பதிய கவுண்டரில் நின்றார். சுகுணா சிஸ்டரை ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, யார்ட்டயும் சொல்லிறாதீங்க. ரெண்டு பாதமும் மரத்துப்போச்சு. ராத்திரியில போர்வைக்குள்ள கிள்ளிக் கிள்ளிப் பாக்குறேன். சொன்னா ஊசிய நிப்பாட்டிருவாங்க. ரத்தத்துல கேன்சர் திரும்ப வந்துரும்லக்கா?"

பிளெஸ்ஸி திட்டவில்லை. "நானும் கூட வாரேன். நீயே சொல்லு" என்றாள்.

சுகுணா சொல்லி முடித்ததும் அன்புமொழி டாக்டர் அவள் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத குழல் குழலா நிக்குது, பந்தக்கால் மாதிரி. நட்டது நட்டபடியே இருக்காது. இங்கிட்டு உருவி, அதே துண்ட வச்சு அங்கிட்டு நடும். நிமிசத்துக்கு நிமிசம் இதே வேலை. செல்லு ரெண்டாப் பிரியணும்னா அந்தக் கால் வேணும். நம்ம ஊசி அத நடவிடாது. கேன்சர் செல்லு அதுலதான் சாகுது. ஆனா இடுப்புலேருந்து வெரல் வரைக்கும் ஓடுற நரம்புக்கும் அதே பந்தக்கால்தான், அதான் பாதம் மரத்துப்போச்சு."

"ஒரு வீட்டு விசேசத்தத் தடுக்கப்போயி தெருவுக்கே பந்தல் இல்லாமப் பண்ணிருச்சு" என்றார் உதயசூரியன். சிரிக்கவில்லை. பிறகு மெதுவாக, "உருவுன கால் திரும்ப நிக்குமுங்களா?"

"பெரும்பாலும் நின்னுரும். மாசக்கணக்காகும். ஊசிய நிப்பாட்டல, அளவக் கொறைப்போம். இப்பவாச்சும் சொன்னாளே."

நிப்பாட்டல. நிப்பாட்டிருவாங்க என்றுதான் இத்தனை நாள் பயந்துகிடந்தாள். பக்கத்தில் நின்ற பிளெஸ்ஸியின் கையைத் தேடிப் பிடித்தாள். சிஸ்டர் அவள் தலையில் லேசாகக் குட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா அவள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அங்கிட்டுத் திரும்பிக்க. எந்த வெரலப் புடிச்சிருக்கேன், சொல்லு."

சுகுணா ஜன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தாள். "சுண்டுவெரலு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கயிறு இழுத்துக் காய்ப்பேறிய அவர் கை எந்த விரலையும் தனியாகப் பிடிக்காமல், பாதம் முழுவதையும் பொத்திக்கொண்டிருந்தது.