மண் போட்டுத் தேய்த்த டின்

செத்துக் கிடந்த தம்பி கன்னியப்பனின் மூடிய இமையை மீனம்பாள் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தபோது, சுற்றி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று வாயடைத்துப் போனார்கள்.

"ஐயையோ, இன்னாக்கா பண்ற? மூடின கண்ணத் தொறக்கக் கூடாதுக்கா!"

அவள் காதில் வாங்கவில்லை. இன்னொரு கண்ணையும் திறந்தாள். கருவிழிக்கு நடுவில் இருக்கிற வட்டம் கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. பூச்சி மருந்து உடம்பில் ஏறினால் அப்படித்தான் சுருங்கும். அவள் தேடியது அதைத்தான். தேடியது கிடைத்த பிறகும் இமையை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியப்பனின் மனைவி நாகம்மாள்தான் கை நீட்டி மூடினாள்.

முந்தின நாள் முழுக்க அவன் நிலக்காரர் தாண்டவராயனின் வயலில் மருந்து அடித்தான். புதிதாக வந்த குட்டை ரக நெல், காணி ஒன்றுக்கு இத்தனை மூட்டை காணும் என்று செஞ்சி கடைத்தெரு முழுக்கப் பேச்சு. அந்த நெல்லுக்குப் பூச்சி வந்தால் மருந்து. மருந்து அடிக்கச் சேரி ஆள். கையுறை கிடையாது, மூக்குக்குத் துணி கிடையாது, முழங்கை வரை விட்டுக் கலக்கித்தான் பம்பில் ஊற்றுவார்கள். பொழுது சாயும்போது கன்னியப்பனுக்கு வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. பிறகு வாந்தி, பிறகு உடம்பெல்லாம் சதை துடித்தது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கோட்டை மதில் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்தபோது உயிர் போய்விட்டது. வண்டி அப்படியே திரும்பியது. வயது இருபத்தாறு.

மீனம்பாள் அந்தச் சேரியிலிருந்து டீச்சர் டிரெயினிங் முடித்த முதல் பெண். தொண்டூரில் அரிசனப் பள்ளி வேலை, அங்கேயே ஒரு குச்சு வீட்டில் வாசம். லீவு நாளில் தம்பி வீட்டுக்கு வந்தால் கையில் ஒரு நோட்டோடு தெருத்தெருவாகப் போவாள். யார் எந்த வயலில் அடித்தார்கள், எத்தனை நேரம் கழித்து வாந்தி வந்தது, கண் எப்படி இருந்தது, எல்லாம் எழுதுவாள். மூன்று வருஷத்தில் பதினெட்டு பேர். அவர்களில் மூன்று பேர் செத்தார்கள். அந்த நோட்டைப் பார்த்து எழுதி அவள் அனுப்பிய மனுக்களுக்கு மேலே இருந்து வந்த பதில் ஒரே வரிதான்: மூவரும் காய்ச்சலில் இறந்ததாகவே கிராமப் பதிவேட்டில் உள்ளது. பதிவேட்டில் இல்லாத சாவு அதிகாரிகளுக்குச் சாவே இல்லை.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. "மணியக்காரரு வந்து, மருந்தாலதான் செத்தான்னு எழுதட்டும். அது வரைக்கும் என் தம்பிய யாரும் தூக்கக் கூடாது" என்று வாசற்படியை மறித்து உட்கார்ந்துவிட்டாள்.

உச்சி வெயிலில், ஊரின் பிறப்பு இறப்பு எழுதுகிற மணியக்காரர் வந்தார். சேரிக்குள் அவர் வரமாட்டார். தெருமுனைப் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, சீட்டின்மேல் ரிஜிஸ்டரை விரித்தார். சேரியில் எந்தச் சாவுக்கும் அவர் நிற்கிற இடம் அதுதான். மீனம்பாள் எழுந்து அங்கே போனாள்.

"இன்னாம்மா டீச்சர், எத்தினி மணிக்குப் போச்சு?"

"விடியறதுக்கு முன்ன, வண்டியில."

"பாவம். நல்ல பையன். காய்ச்சல்னு போட்டுடறேன்."

"காய்ச்சல் இல்லீங்க ஐயா. மருந்து அடிச்சுச் செத்தான். அப்படியே எழுதுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பினார். "படிச்ச பொண்ணாச்சே, நீயே பாரு. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், சீதபேதி, பாம்புக்கடி, தற்கொலை. மருந்து அடிச்சதுக்குக் கட்டம் எங்க இருக்குது?"

"கடைசியில இதரன்னு ஒன்னு இருக்குதே."

"இதரன்னு போட்டா, எதனாலன்னு மேல கேப்பாங்க."

"கேக்கட்டும். அதுக்குத்தானே இவ்ளோ நேரம் குந்திக்கினு இருக்கேன். ஆஸ்பத்திரியில அறுத்துப் பாக்கட்டும்."

மணியக்காரர் பேனாவை மூடினார். கத்தவில்லை, கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"அறுத்தா ஒடம்புல மருந்துதான் இருக்கும். இருந்தா? குடிச்சுட்டான்னுதான் எழுதுவாங்க. அடிச்சு ஏறிச்சா குடிச்சு ஏறிச்சான்னு கத்திக்குத் தெரியுமா? குடிச்சான்னா ஏன் குடிச்சான், ஊட்ல இன்னா சண்டைன்னு போலீஸ் வரும். யாரக் கேக்கும்? அவன் பொண்டாட்டியத்தான். நல்லா ரோசன பண்ணிக்கோ."

மூன்று வருஷமாக எழுதிய நோட்டில் மீனம்பாள் இதைப் பிரித்துக் குறித்ததில்லை.

அதற்குள் 'அறுத்து' என்ற சொல் எப்படியோ தெருவுக்குள் போய்விட்டது. நாகம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். வந்த வேகத்தில் மீனம்பாளின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி, ஒன் நோட்டுல எழுதிக்க. இன்னா வேணா எழுதிக்க. அவர அறுக்க மட்டும் உடாத அண்ணி. ராவு முச்சூடும் துடிச்ச ஒடம்பு அது. இன்னும் கத்தி வேற படணுமா?"

"நாகு, இன்னிக்கு உட்டுட்டா நாளைக்கு இன்னொருத்தன் சாவான்டி."

"செத்தது என் புருசன்" என்றாள் நாகம்மாள்.

மீனம்பாள் நகர்ந்து நின்றாள். மணியக்காரர் மை டப்பாவைத் திறந்தார். நாகம்மாள் தலையை ஆட்டினாள். கட்டைவிரல் வேண்டாம், பேனா கொடுங்கள் என்றாள். வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக 'நாகம்மாள்' என்று போட்டாள். போன சித்திரை லீவில் மீனம்பாள் மணலில் எழுதிப் பழக்கிக் கொடுத்த கையெழுத்து. அதை நாகம்மாள் முதன்முதலாகப் போட்டது காய்ச்சல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.

சாயங்காலம் எடுத்தார்கள். பறைச் சத்தம் ஏரிக்கரைப் பக்கமாகத் தேய்ந்து போகும்வரை மீனம்பாள் புளியமரத்தடியில் நின்றாள். அழுகை வரவில்லை. தோற்றுப்போய்விட்டேன், தம்பி, தோற்றுப்போய்விட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். குளித்துவிட்டு ஈரப் புடவையோடு திரும்பி வந்தாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். சாவு எடுத்துப் போனவர்கள் திரும்பி வரும்போது கால் கழுவிக்கொள்ள, எல்லா வீட்டிலும் இருக்கிற நல்ல ஏனமாகப் பார்த்து, நிறையத் தண்ணீர் வைத்து வாசலில் இறக்குவார்கள். பெண்கள் உள்ளேயிருந்து தூக்கி வந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மீனம்பாள் பார்த்தாள். ஒரு வீட்டு வாசலில் ஒரு தகர டின். அடுத்த வாசலிலும் ஒன்று. அதற்கடுத்த வாசலிலும். எல்லாம் ஒரே அளவு. மாலை வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தன.

நாகம்மாளும் ஒன்றை இடுப்பில் வைத்துக் கொண்டு வந்து இறக்கினாள்.

"நாகு, இது ஏது டின்னு?"

"மருந்து வருமே, அந்த டின்னுதான் அண்ணி. காலியானதும் அடிக்கிற ஆளுக்கு ஒன்னுன்னு குடுத்தாரு தாண்டவராயன். ஊட்ல ஒழுகாத ஏனம் இது ஒன்னுதான்."

"இதத் தொடாதீங்கன்னு சொன்னனேடி! ஊடு ஊடா வந்து சொன்னனே!"

நாகம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். "மண்ட ஓட்டுப் படம் இருந்தா விசம், தொடாதீங்கன்னுதானே அண்ணி சொன்ன? நீ சொல்லிட்டுப் போனதும் அவரு ஏரிக்கரையில குந்திக்கினு மண்ணப் போட்டுத் தேச்சாரு. பொழுது சாயற வரைக்கும் தேச்சாரு. எங்க அக்கா படிச்ச பொண்ணு, அது சொன்னா சரியாத்தான் இருக்கும், அந்தப் படத்துல ஒரு பல்லுகூட மிச்சம் இருக்கக் கூடாதுன்னாரு. தெருவுல எல்லா ஊட்டு டின்னையும் அவருதான் தேச்சுக் குடுத்தாரு."

மீனம்பாள் குனிந்து டின்னைத் தொட்டாள். படம் இருந்த இடம் சொரசொரப்பாக இருந்தது. உண்மையிலேயே ஒரு பல்கூட இல்லை.

நோட்டில் ஆடி மாசத்துப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது: 'படத்தைக் காட்டி எல்லா வீட்டிலும் சொன்னேன். நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.'

"இதுலயா குடிக்கிறீங்க?"

"குடிக்க, சோறாக்க, எல்லாத்துக்கும் இதான். போன ஞாயித்துக்கெழம நீ ரெண்டு சொம்பு வாங்கிக் குடிச்சியே, தண்ணி சில்லுனு இருக்குதுன்னு."

பதினெட்டு பேரில் எத்தனை பேர் வயலில் வாங்கிக்கொண்டவர்கள், எத்தனை பேர் வீட்டுக்குள் குடித்தவர்கள்? கன்னியப்பன் எதனால் செத்தான்? மணியக்காரர் இப்போது ரிஜிஸ்டரை நீட்டி, சொல்லு டீச்சர், எழுதுகிறேன் என்றால் என்ன சொல்வாள்? அடப்பாவி, இப்படியா ஒருத்தன் அக்காள் பேச்சைக் கேட்பான் என்று தம்பியின்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் ஓடிவந்து சொம்பை டின்னில் முக்கினாள். மீனம்பாள் அந்தச் சொம்பைத் தட்டிவிட்டாள். சொம்பு உருண்டது, குழந்தை வீறிட்டு அழுதது. டின்னை இரண்டு கையாலும் தூக்கினாள். கொட்டிவிட வேண்டும், எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்.

அதற்குள் ஆண்கள் ஏரிக்கரையிலிருந்து வந்துவிட்டார்கள். குழி வெட்டின செல்லப்பன் முழங்கால் வரை சேறோடு முன்னால் வந்து நின்றான்.

"ஊத்துக்கா" என்றான்.

அவள் ஊற்ற இடம் தேடினாள். வாசலில் கொட்டினால் தெருவில் ஓடும். தெரு முழுக்கக் கிணற்றுப் பக்கமே சரிந்திருந்தது. சேரிக்கு இருப்பது அந்த ஒரு கிணறுதான். அவள் டின்னைக் கீழே வைக்காமல் நின்றாள், தண்ணீர் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. செல்லப்பன் சேற்றுக் காலை முன்னால் நீட்டினான். அவள் ஊற்றவில்லை என்றதும் திரும்ப இழுத்துக்கொண்டான்.