உலகம் அழிந்த மறுநாள் பெருக்கியவள்

1

இந்தக் கதை ஒரு துடைப்பத்திலிருந்து வந்தது. என் சொந்தத் துடைப்பம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உலகம் அழிந்த பிறகு நடக்கிற கணினி விளையாட்டுகளை நீங்கள் ஆடியிருக்கலாம். ஆடாவிட்டாலும் குடி முழுகிவிடாது. முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். நீங்கள் ஒரு பையை மாட்டிக்கொண்டு இடிந்த வீடுகளுக்குள் நுழைந்து, எலும்புக்கூடுகளின் பக்கத்தில் கிடக்கும் கடிதங்களைப் படித்துக்கொண்டே போக வேண்டும். அந்தக் கடிதங்களையும், வழியில் எதிர்ப்படுகிறவர்களின் பேச்சையும் எழுதுவதற்கென்று ஆட்கள் உண்டு. அவர்களில் ஒருத்தியைப் பற்றியது இது. அலுவலகத்தில் அவளை வசனக்காரி என்பார்கள்.

முதல் தொடக்கம்: ஜன்னலோரம் அமர்ந்திருந்த அவள் கண்களில் இனம்புரியாத ஒரு (அடித்துவிட்டேன். அவள் இடத்தில் ஜன்னலே கிடையாது. குளிர்சாதனத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து வருடம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாள்.)

இரண்டாம் தொடக்கம்: உலகம் அழிந்து நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தும் மனித மனம் (போதும்.)

2

நாலு வருடமாக வசனக்காரிக்கு ஒரே வேலை. கதாநாயகன் கடந்துபோகும்போது "மழை வரும்போல இருக்கு", "துப்பாக்கிய உள்ள வை" என்று முனகுகிற வழிப்போக்கர்களுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு வரி எழுத வேண்டும். அந்த ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இந்த விளையாட்டில் இது என்னுடையது என்று கைகாட்ட ஒரே ஒரு ஆள் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதற்கு மேல் அவளுக்குப் பேராசை ஒன்றும் இல்லை.

அந்த ஆள் கிடைத்தது எரிச்சலில். ஒரு வீட்டை வரைந்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே ஒரு குடும்பம் வாழ்கிறது, அடுப்பு எரிகிறது. சாப்பாட்டு மேசையில் மட்டும் நூற்றிருபது வருடத்துக்கு முன் செத்தவரின் எலும்புக்கூடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. இத்தனை தலைமுறையில் ஒருத்தருக்குக்கூடவா பெருக்கத் தோன்றவில்லை என்று வசனக்காரி கேட்டாள். வரைந்தவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

அதனால் அவளே ஒருத்தியை எழுதினாள். ஐந்து மாடிக் குடியிருப்பின் படிக்கட்டைத் தினமும் பெருக்குகிற நடுவயதுக்காரி. யாரையும் எங்கும் அனுப்பமாட்டாள், பரிசு தரமாட்டாள், செத்துப்போன தங்கையை நினைத்து அழமாட்டாள். படியில் குப்பை போட்டால் மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். விளையாட்டைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே காலி டின்களைப் போட்டுத் திட்டு வாங்கினார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, தாங்களே பொறுக்க ஆரம்பித்தார்கள்.

(பக்கக் குறிப்பு: உலகத்தைக் கட்டுவது என்றால் அதுதான். எந்தக் கூட்டம் எந்த அணையைப் பிடித்தது என்று நாங்கள் நூறு பக்கம் வரலாறு எழுதி வைத்திருந்தோம். நாய்கூட அதைச் சீண்டவில்லை. 'நாங்கள்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

3

எழுத்துப் பிரிவின் தலைவருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். எதைக் கொடுத்தாலும் பாதியாக்கித்தான் திருப்புவார். அடிப்படையில் நல்ல மனிதர், ஆழ்ந்த வாசிப்பு உள்ளவர், கீழே வேலை செய்கிறவர்களிடம் கனிவாக (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்து மூன்று முறையும் திரும்ப எழுதினேன். போகட்டும்.)

பெருக்குகிறவளை வைப்பதா வெட்டுவதா என்று ஒரு கூட்டம் போட்டார்கள். கத்தரி தாளைப் புரட்டிவிட்டு, "தரை சுத்தமா இருந்தா உலகம் அழிஞ்சிருக்குன்னு யாரும்மா நம்புவா?" என்றார்.

வசனக்காரி மேசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எனக்கு எட்டு வயசுல அப்பா போயிட்டார் சார். மறுநாள் காலையில அம்மா வீட்டைப் பெருக்கினாங்க. வாசல்ல அவர் செருப்பு கிடந்துச்சு. அதை எடுக்கலை. அதைச் சுத்திப் பெருக்கினாங்க. ஒரு வருஷம் அப்படித்தான் பெருக்கினாங்க."

கத்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனசார நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்தபடியே பெருக்குகிறவளை வெட்டினார்.

4

விளையாட்டு வெளிவந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை. மூன்றாவது மாடியில் ஓர் எலும்புக்கூடு, பக்கத்தில் ஒரு கடிதம்: "வீட்டைப் பெருக்கிவிட்டேன். உன் செருப்பை எடுக்கவில்லை. அதைச் சுற்றித்தான் பெருக்குகிறேன்."

விமர்சனம் எழுதியவர்கள் அந்தக் கடிதத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். விருது வந்தது. எழுதியவர் என்று கத்தரி மேடையேறினார். பெயர்ப்பட்டியலில் வசனக்காரி 'மற்றும் உதவியவர்கள்' என்ற தலைப்பில், சிற்றுண்டிக்கூடப் பொறுப்பாளருக்குக் கீழே இருந்தாள். அவளுடைய விலகல் கடிதம் இரண்டே வரி. வெட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை.

கத்தரி நான்தான். இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

என் தரப்பையும் கேளுங்கள். அவள் எழுத்தை நான் எடுக்கவில்லை. ஒரு வீட்டில் நடந்ததை எடுத்தேன். நடந்தது யாருக்கும் சொந்தமில்லை. அதை எழுதுகிறவனுக்குத்தான் சொந்தம். எல்லா எழுத்தாளனும் இப்படித்தான் பிழைக்கிறான். இதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

5

முடிவு ஒன்று: வசனக்காரி தானே ஒரு விளையாட்டை உருவாக்கி, பெருக்குகிறவளை அதன் நாயகியாக்கி, உலகமே (பொய். அவள் இப்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் தொலைபேசி இயந்திரத்துக்கு 'தயவுசெய்து காத்திருக்கவும்' எழுதிக்கொண்டிருக்கிறாள்.)

முடிவு இரண்டு: கத்தரி அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறார். கதவைத் திறந்த அவள், உள்ளே வாங்க என்று (வேண்டாம். இதில் நான் நல்லவனாகிவிடுகிறேன்.)

மூன்றாவதற்குக் கை வரவில்லை. எழுதிய வரைக்கும் அவளுக்கே அனுப்பி, வெளியிட ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். உள்ளூர எதிர்பார்த்தது வேறு. நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்ற நப்பாசை.

6

அன்றைக்கே பதில் வந்தது. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் தருகிறேன்.

"படிச்சேன் சார். நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு திருத்தம். எங்கப்பா சாகலை. நல்லாத்தான் இருக்கார், போன வாரம்தான் பல்லு கட்டிக்கிட்டு வந்தார். அந்தச் செருப்பு, அந்த ஒரு வருஷம், எல்லாம் கூட்டத்துக்கு முந்தின நாள் நான் உக்காந்து எழுதினது. ஆறு தடவை மாத்தி எழுதினேன். உயிரோட இருக்கிறவங்களைப் பத்திச் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க, செத்தவங்களைச் சொன்னாத்தான் காது குடுப்பீங்கன்னு தெரியும். கதையை வெளியிடுங்க. என் பேரையும் போடுங்க."

நடந்ததை எடுத்தேன் என்றேனே, அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நான் எடுத்தது எழுத்தைத்தான். அவமானமாக இருந்தது. அதைவிட, அவ்வளவு நன்றாக எனக்கு எழுத வராது என்பது வலித்தது.

இந்தக் கதையை அனுப்பியபோது தலைப்புக்குக் கீழே என்ன எழுதினேன் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் இனிமேல் என்னை நீங்கள் நம்பத் தேவையில்லை. பக்கத்தின் மேலே போய்ப் பாருங்கள். எத்தனை பெயர் இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.